சுவர் அவருடையது, படம் யாருடையது?

கேள்வி:

அக்கா, எனக்கு வயது 26. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் அம்மாவோடு இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சம்பளம் 2,700 வெள்ளி (ரிங்கிட்), பிடித்தம் போகக் கைக்கு 2,380 வருகிறது. நான்கு வருடமாகக் கல்யாண ஜோடிப் படம், வீட்டுப் பெரியவர்கள் படம், கடைச் சுவர் ஓவியம் என்று வரைந்து கொடுக்கிறேன். ஒரு படத்துக்கு 120 வெள்ளி. தீபாவளி சமயத்தில் மாதம் 1,500 வரை வரும். மற்ற மாதங்களில் 300 வந்தால் உண்டு, ஒன்றுமே வராமலும் போகும். இந்தத் தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரையலாம் என்று இருக்கிறேன். அம்மா சம்மதிக்கவில்லை. நம் ஆட்களில் யார் படம் வரைந்து பிழைத்தார்கள் என்று கேட்கிறார்.

போன வருடம் லிட்டில் இந்தியாவில் உணவகம் வைத்திருக்கும் மாமா முறை உறவினருக்கு 10-க்கு 8 அடியில் சுவர்ப்படம் வரைந்தேன். பெயிண்டோடு சேர்த்து 700 வெள்ளி கொடுத்தார். இப்போது அதே படம் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் பையிலும் மெனுவிலும் வந்திருக்கிறது. கேட்டால், "அதான் காசு கொடுத்துட்டேனேம்மா" என்கிறார். பட்டர்வொர்த்தில் புதுக் கிளை திறக்கிறாராம், அங்கேயும் அதே படத்தை 500-க்கு வரைந்து தரச் சொல்கிறார். ஏஐ வந்த பிறகு மற்ற வாடிக்கையாளர்களும் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

— பிறை வாசகி

பதில்:

தங்கச்சி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். வேலையை விடலாமா என்பதுதான் உனக்குப் பெரிய கேள்வி. எனக்கு அந்தக் காகிதப் பைதான் பெரிதாகத் தெரிகிறது. அதில் நடந்தது உனக்குப் புரிந்துவிட்டால், வேலையை எப்போது விடுவது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்வாய். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஃப்ரீலான்ஸாக வரையத் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு நிறுவனத்துக்கு நாள்காட்டிப் படங்கள் வரைந்து கொடுத்தேன். மாதத்துக்கு ஒன்று, 12 படம். சந்தை, படகுத்துறை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டம் என்று ஆசை ஆசையாக வரைந்தேன். பேசிய காசு ஐந்து மாதம் கழித்து வந்தது. அடுத்த வருடம் அதே படங்கள் வாழ்த்து அட்டையில் வந்தன. அதற்கடுத்த வருடம் ஒரு தகர டப்பாவின் மூடியில், என் படகுத்துறையைப் பாதி வெட்டிப் போட்டிருந்தார்கள். கோபத்தோடு ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எழுதி வாங்கியிருக்கிறாயா?" ஒரு வரிகூட இல்லை.

அன்று அவர் சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-ஆம் ஆண்டு வந்தது. அதன் 26-ஆம் பிரிவைப் பார். ஒருவர் சொல்லி நாம் ஒரு படம் வரைந்து கொடுத்தால், வேறுவிதமாக உடன்பாடு இல்லாத பட்சத்தில், பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே மாறிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூபில் அமெரிக்க ஓவியரும் இங்கிலாந்து ஓவியரும், "நீ எழுதிக் கொடுக்காத வரைக்கும் உரிமை உன்னிடம்தான்" என்று சொல்வதை நீ கேட்டிருப்பாய். அது அவர்கள் ஊர்ச் சட்டம். இங்கே நிலைமை தலைகீழ். இங்கே நீ எழுதி வாங்காவிட்டால் உரிமை போய்விடும்.

ஆக, மாமா பையில் போட்டதற்குச் சட்டப்படி அவரை மடக்குவது கடினம். இதைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, ஆனாலும் உண்மை இதுதான். உன்னிடம் மிச்சமிருப்பது வேறொரு உரிமை. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, படத்தை வெளியிடும்போது ஓவியரின் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் மதிப்புக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைக்கக் கூடாது என்கிறது. பதிப்புரிமை கைமாறினாலும் இந்த உரிமை உன்னோடு நிற்கும். பையிலும் மெனுவிலும் உன் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்கு. கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை. அடுத்த முறை பை அச்சடிக்கும்போது உன் பெயரும் இன்ஸ்டாகிராம் முகவரியும் கீழே ஒரு ஓரத்தில் வரவேண்டும். ஒரு நாளைக்கு அந்தக் கடையிலிருந்து எத்தனை பை வெளியே போகிறது என்று எண்ணிப் பார்.

மாமா கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. சுவர் அவருடையது, காசும் அவருடையது, அதனால் படமும் தன்னுடையது என்று நினைக்கிறார். படம் வரையச் சொல்லிப் பழக்கமில்லாத எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். தூரிகையை எடுப்பதற்கு முன்னால் அவரிடம் பேசியிருக்க வேண்டியது நம் வேலை.

இனி அந்த 700 வெள்ளிக்கு வருவோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீயும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்.

தொழிற்சாலை உனக்குக் கொடுப்பது கைக்கு வரும் 2,380 மட்டுமல்ல. உன் சம்பளத்தில் 11 விழுக்காடு, 297 வெள்ளி, ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 351 வெள்ளி போடுகிறார். மாதாமாதம் 648 வெள்ளி உன் கண்ணில் படாமலே சேர்கிறது. வேலையை விட்ட அன்றே அது நின்றுவிடும். இந்த இரண்டையும் சேர்த்தாலே 3,030-க்கு அருகில் வந்துவிட்டது. அதோடு பெயிண்ட், காகிதம், ஐபேட் தவணை, இணையம் எல்லாவற்றுக்கும் 200 வைத்துக்கொள். காய்ச்சலில் படுத்தால் மருத்துவ விடுப்பு கொடுக்க ஆள் இல்லை, அதற்கென்று 270 ஒதுக்கு. மொத்தம் 3,500. இப்போது இருக்கிற மாதிரியே இருப்பதற்கு மட்டும் உனக்கு மாதம் இவ்வளவு வேண்டும்.

மாதத்தில் ஞாயிறு போக 26 நாள். அந்த 26 நாளும் நீ வரையப் போவதில்லை. வாடிக்கையாளரோடு பேச வேண்டும், விலை எழுதி அனுப்ப வேண்டும், பெயிண்ட் வாங்கப் போக வேண்டும், படத்துக்கு ஃப்ரேம் போட்டு அனுப்ப வேண்டும், பாக்கிக்காரருக்கு மூன்றாவது தடவை போன் போட வேண்டும். என் அனுபவத்தில் காசு வரும் நாள் மாதத்தில் பாதிதான். 13 என்று வை. 3,500-ஐ 13-ஆல் வகுத்தால் 269 வரும். 270 என்று வைத்துக்கொள். இதுதான் உன் ஒரு நாள் கூலி. இந்த எண்ணை உன் மேசைக்கு எதிரே ஒட்டி வை.

அந்தச் சுவருக்கு எத்தனை நாள் ஆனது என்று நீ எழுதவில்லை. 80 சதுர அடி, உன் கை வேகம், நீ அனுப்பிய போட்டோவில் தெரியும் அந்த வாழையிலையின் நரம்பு வேலை எல்லாவற்றையும் பார்த்தால், வடிவமைப்புக்கு 2 நாளும் வரைய 5 நாளும் ஆகியிருக்கும். பெயிண்ட் 180 வெள்ளிக்குக் குறைந்திருக்காது. 700-இல் 180 போனால் மிச்சம் 520. அதை 7-ஆல் வகு. நாளுக்கு 74 வெள்ளி. தொழிற்சாலையில் உன் ஒரு நாள் சம்பளமே 103 வெள்ளிக்கு மேல். ஆண்டு விடுப்பு போட்டுத்தான் வரைந்தாய் என்றால், நாளுக்கு 103 கிடைக்கும் விடுப்பைச் செலவழித்து 74 வெள்ளி சம்பாதித்திருக்கிறாய். 270 கணக்கில் அதே சுவர் 1,890, பெயிண்ட்டோடு 2,070 வெள்ளி. சதுர அடிக்கு ஏறக்குறைய 26 வருகிறது. சுவர் வேலைக்குச் சதுர அடி விலைதான் கேட்பார்கள். கேட்டால் அந்த எண்ணைச் சொல், ஆனால் எப்போதும் நாளை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அதைச் சதுர அடிக்கு மாற்று. வெறும் நீலவானத்துக்கும் வாழையிலை நரம்புக்கும் சதுர அடி ஒன்றுதான், நாள் ஒன்றல்ல.

சுவர் என்று வந்ததால் இன்னொன்று. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் பல சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சாதாரண அக்ரிலிக் பெயிண்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல், சில மாதத்தில் அப்பளம் மாதிரி கொப்பளித்து உரியும். விலை சொல்லும் முன்பே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழு. பழைய பெயிண்ட்டும் தூளும் சேர்ந்து வந்தால், சுவரைச் சரிசெய்து தருவது கடைக்காரர் பொறுப்பு என்று முதலிலேயே எழுதிவிடு. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, "உன் படம் உரியுது" என்று உனக்குத்தான் போன் வரும். வெளிச்சுவர் என்றால் மாநகர் மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் ஏணியைச் சாத்தாதே, அதிலும் பாரம்பரிய வட்டாரத்துக்குள் கண்டிப்பாகக் கேள். 2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்த பிறகு, ஒவ்வொரு காப்பிக் கடைக்கும் தன் சுவரில் ஒரு படம் வேண்டியிருக்கிறது. அந்த ஆசை நமக்கு வேலை கொடுக்கிறது. அனுமதிக்கு ஓடுவது மட்டும் நம் தலையில் விழக்கூடாது.

கல்யாணப் படத்துக்கு 120 என்கிறாய். மூன்று மாலை உட்கார்ந்தால் முழுதாக ஒரு நாள் வேலை. அப்படியென்றால் விலை 270-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே நாளில் ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் மிரள்வார்கள் என்று பயப்படுவாய். பின்னணி இல்லாமல் தோள்வரைக்கும் ஒரு சின்னப் படம் 150-க்கு வை. பட்டுச்சேலை, மாலை, மண்டபம் எல்லாம் கேட்பவர்களுக்கு 270. விலையை ஏற்றும்போது காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்காதே. புது விலையைப் போடு, அவ்வளவுதான். பத்துப் பேரில் நாலு பேர் போய்விட்டாலும், மிச்சம் ஆறு பேரிடம் 270 வாங்கினால் 1,620. முன்பு பத்துப் பேருக்கும் வரைந்து 1,200 தான் பார்த்தாய்.

ஏஐ பற்றிக் கேட்டிருக்கிறாய். கடை விளம்பரத்துக்குப் பூவும் மாங்காயும் வரைந்து கொடுக்கும் சில்லறை வேலை குறைந்துவிட்டது. எனக்கும் குறைந்தது. அந்த வேலை திரும்பி வரும் என்று காத்திருக்காதே. ஆனால் உன்னிடம் வருபவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று பார். போன வருடம் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். இறந்துபோன தன் அம்மாவின் படம் வேண்டும், கையில் இருப்பது பழைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், அதுவும் மங்கிப்போனது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா இரண்டு பக்கமும் என்றார். இடது பக்கக் கல்லை இவருடைய பள்ளிக்கூடச் செலவுக்கு அடகு வைத்து மீட்கவே முடியாமல், துளை தூர்ந்துவிடக் கூடாதென்று அந்த அம்மா ஈர்க்குச்சி செருகியிருந்தாராம். கடைசிவரைக்கும் அந்த ஈர்க்குச்சிதான். பெரியவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் வலப்பக்கம் கல்லும் இடப்பக்கம் ஈர்க்குச்சியுமாக வரைந்தேன். 600 வெள்ளி சொன்னேன், பேரம் பேசவில்லை. எந்த மென்பொருளும் அவரிடம் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டிருக்காது. நீ பிறையில் இருக்கிறாய், தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் உன்னைச் சுற்றி இருக்கின்றன. உன்னால் கேட்க முடியும். அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் உன் விலை.

இப்போது வேலையை விடுவது. தீபாவளிக்கு வரும் 1,500-ஐ வைத்து முடிவெடுக்காதே. அது வருடத்திலேயே நல்ல மாதம். ஆடியைப் பார். ஆடியில் நம் வீடுகளில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. புரட்டாசியில் பலர் நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவார்கள். தைப்பூசம் முடிந்த கையோடு எல்லார் பையும் காலி. ஜோடிப் படத்தை மட்டும் நம்பி இருந்தால் வருடத்தில் மூன்று நான்கு மாதம் அடுப்பு மந்தமாகத்தான் எரியும். ஒரு முழு வருடக் கணக்கை மாதவாரியாக நோட்டில் எழுது. எந்த வருடம் ஆடியிலும் உனக்கு 2,000-க்குக் குறையாமல் வருகிறதோ, கையில் ஆறு மாதச் செலவு தனிக் கணக்கில் கிடக்கிறதோ, அந்த வருடம் ராஜினாமாக் கடிதம் கொடு. அதுவரைக்கும் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து வரையாதே, கண் கெட்டுவிடும். வாரத்தில் இரண்டு பகலை மட்டும் படத்துக்கு எடுத்துக்கொள். வெளி வேலை செய்யக் கூடாது என்று உன் வேலை ஒப்பந்தத்தில் வரி ஏதும் இருக்கிறதா என்பதையும் இந்த வாரமே படித்துப் பார்.

அம்மாவிடம் இதைச் சொல். நம் நாட்டின் புகழ்பெற்ற கார்ட்டூன் ஓவியர் டத்தோ லாட் முதலில் பத்திரிகையில் நிருபராக வேலை பார்த்தவர். 1974-இல் அங்கேயே கார்ட்டூனிஸ்ட் ஆனார். நாடே அவரைத் தெரிந்துகொண்ட பிறகும் சம்பளத்தில்தான் இருந்தார். 1984-இல்தான் வேலையை விட்டுச் சொந்தமாக வந்தார். பத்து வருடம். நம் ஆட்களில் யார் என்று அம்மா கேட்கிறார் அல்லவா, சையத் தாஜுதீனைக் காட்டு. ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்தவர். இந்தப் பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்து, மலேசியாவின் முன்னணி ஓவியர்களில் ஒருவரானவர். அம்மா பயப்படுவது ஓவியத்தைப் பார்த்து அல்ல, மாதம் பிறந்தால் சம்பளம் வராத வீட்டை அவர் பார்த்திருப்பார். மாதாமாதம் வீட்டுக்கு என்ன கொடுக்கிறாயோ, அதை வேலையை விடும் முன்பே படக் காசிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கு. ஆறு மாதம் அப்படிக் கொடுத்துப் பார். அப்புறம் அம்மாவிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பதிவு, வரி இதெல்லாம் கேட்டாலே பலர் ஓடுவார்கள். உண்மையில் ஒரு மத்தியான வேலைதான். எஸ்.எஸ்.எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதிந்துகொள். உன் சொந்தப் பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். நீ நான்கு வருடம் ஓட்டிவிட்டாய், இனியும் தள்ளாதே. பதிவு இருந்தால்தான் தொழில் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம். கம்பெனிகளும் அது இருந்தால்தான் உன் பில்லை வாங்கும். வருமான வரிக்கு இதுவரை ஏப்ரல் 30-க்குள் பிஇ பாரம் போட்டிருப்பாய். தொழில் வருமானம் சேர்ந்தால் அது பி பாரம், கெடு ஜூன் 30. பெயிண்ட், காகிதம், சந்தையில் மேசை வாடகை எல்லாம் செலவில் கழியும், ரசீது இருந்தால். ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கடை ரசீதின் மை ஒரு வருடத்தில் வெளிறிவிடும், அதனால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துப் போட்டுவிடு. நான் இரண்டு வருட ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு வைத்து, திறந்து பார்த்தபோது எல்லாம் வெள்ளைத் தாளாக இருந்தன.

வேலையை விட்ட பிறகு சேமநிதியை விட்டுவிடாதே. ஐ-சாரான் என்ற திட்டத்தில் சேர்ந்து நீயாகக் கட்டினால், கட்டும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. 2,500 கட்டினால் 500 கிடைக்கும். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சுயதொழில் செய்பவர்களுக்கான விபத்துப் பாதுகாப்புத் திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, கலைத்துறையும் அதில் அடக்கம். வருடத்துக்கு 157 வெள்ளி 20 காசிலிருந்து தொடங்குகிறது. ஏணியில் ஏறிச் சுவர் வரைபவள் நீ. கை ஒன்று முறிந்தால் மூன்று மாதம் வருமானம் இல்லை. இதற்கு யோசிக்கவே யோசிக்காதே.

ஆடியை நிரப்பும் வேலை எங்கே கிடைக்கும்? நம் ஆட்களைத் தாண்டி வெளியே போக வேண்டும். சீனர் காப்பிக் கடைக்கும் மலாய்ப் பதிப்பகத்துக்கும் நம் பண்டிகை நாள்காட்டி கிடையாது. உன் விலைத்தாளை மலாயிலும் எழுதி வை. ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போ என்ற கலை வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கிறது, அங்கே ஒரு மேசை போட்டுப் பழகு. முதல் சில வாரம் அஞ்சலட்டை மட்டும்தான் விற்கும், பரவாயில்லை. ஆர்டர் கொடுக்கும் ஆட்களை அங்கேதான் சந்திப்பாய். பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சுவர்ப்படம் வரையும் எண்ணம் இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை விசாரி. பள்ளிக்கூடம், கோயில் என்றால் இலவசமாகக் கேட்பார்கள். வருடத்துக்கு ஒன்று மனமாரச் செய், நானும் செய்கிறேன். ஆனால் அதற்கும் பில் கொடு. முழு விலை 2,070, அன்பளிப்பு 2,070, கட்ட வேண்டியது 0 என்று எழுதிக் கொடு. அந்தச் சங்கத்துக்கு அடுத்த வருடம் புதுத் தலைவர் வருவார், அவர் கையில் அந்தத் தாள் இருக்கும்.

பணம் வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதே. மீதி வரும்வரை பெரிய ஃபைலைக் கொடுக்காதே, குறுக்கே உன் பெயர் போட்ட சின்ன ஃபைலை மட்டும் காட்டு. திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதுக்குக் காசு. எவ்வளவு கேட்டும் தராதவர்களுக்கு, 5,000 வெள்ளிக்குள் உள்ள பாக்கி என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை என்று வக்கீல் இல்லாமல் நீயே வழக்குப் போடலாம். நான் ஒரு தடவை பாரத்தை நிரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அன்று சாயந்தரமே பணம் வந்துவிட்டது.

மாமாவிடம் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மூன்று மணிக்கு மேல் போ. பழைய பையைப் பற்றிச் சண்டை போடாதே. பட்டர்வொர்த் கிளைக்கு அவருக்கு நீ வேண்டும், அதே கை வேண்டும். அதை 500-க்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், முடியாது என்று முறித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இதை வாட்ஸ்அப்பில் அனுப்பு:

"மாமா, பட்டர்வொர்த் கடைக்கு 10-க்கு 8 அடி உள்சுவர்ப்படம். வடிவம் ஏற்கனவே இருப்பதால் அதை இந்தச் சுவருக்கு ஏற்ப மாற்ற 1 நாள், வரைய 5 நாள். கூலி 1,620, பெயிண்ட் 180, மொத்தம் 1,800 வெள்ளி. பாதி முன்பணம் வந்ததும் தேதி குறிக்கிறேன், மீதி முடித்த அன்று. இரண்டு முறை திருத்தம் இதில் அடக்கம். சுவரில் ஈரம் இருந்தால் நீங்கள் சரிசெய்து தர வேண்டும். இந்தப் படத்தின் பதிப்புரிமை என்னிடம் இருக்கும். இந்தச் சுவரில் வைத்துக்கொள்ளவும் கடையின் முகநூலில் போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. பை, மெனு, பேனர், வேறு கிளை என்றால் தனி விலை, அச்சுக்கு ஏற்றபடி ஃபைலை நானே தயார் செய்து தருகிறேன். அடுத்து அச்சடிக்கும் பையில் என் பெயரைப் போட்டுவிடுங்கள் மாமா. இதற்குச் சம்மதம் என்றால் 'சம்மதம்' என்று பதில் போடுங்கள்."

அவர் போனில் கூப்பிட்டு, "என்னம்மா, சொந்தக்காரன்கிட்ட எழுத்தெல்லாம்" என்பார். எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புகிறேன் மாமா என்று சொல். விலை குறைக்கச் சொன்னால் வேலையைக் குறை. 10-க்கு 8-ஐ 6-க்கு 8 ஆக்கு, வாழையிலை நரம்பைக் கழி. நாள் கூலியில் கை வைக்காதே. அவர் "சம்மதம்" என்று எழுத்தில் போடும்வரை பெயிண்ட் வாங்கக் கடைக்குப் போகாதே. போட்டதும் அந்தத் திரையைப் படம் பிடித்து, பில் வைக்கும் அதே இடத்தில் சேர்த்து வை.